பம்பைத் திருகினால் பல் உடையும்

டிராக்டர் வைத்திருக்கும் விவசாய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தப் பக்கத்தைச் சற்றுக் கீழே வைத்துவிட்டு, உங்கள் வண்டியின் டீசல் பம்பைப் பார்த்துவிட்டு வாருங்கள். அதில் கம்பி கோத்து வைத்த சீல் அப்படியே இருக்கிறதா? இருந்தால் சந்தோஷம். நீங்கள் இதைப் படிப்பது பக்கத்து வயல்காரருக்குச் சொல்வதற்காக என்று வைத்துக்கொள்ளலாம். சீல் அறுந்து கம்பி மட்டும் தொங்கினால், இது உங்களுக்காகத்தான் எழுதப்படுகிறது.

'பம்பு ஏற்றுவது' என்று ஒரு வழக்கம் நம் கிராமங்களில் பரவிக் கிடக்கிறது. வண்டிக்கு இழுவை பத்தவில்லை என்று டிரைவர் சொல்கிறார். பட்டறைக்குப் போகிறோம். மெக்கானிக் சீலை அறுத்து, எஞ்சினுக்குப் போகும் அதிகபட்ச டீசலைக் கட்டுப்படுத்தும் திருகை அரைச் சுற்று திருப்பிவிடுகிறார். பத்து நிமிட வேலை. வண்டி சீறுகிறது, புகைக்குழாயில் கரும்புகை எழும்புகிறது, உடையவருக்கு மகிழ்ச்சி. டிராக்டரில் செய்யும் வேலைகளிலேயே மிக அதிகச் செலவு வைப்பது இந்த அரைச் சுற்றுதான் என்பது என் அபிப்பிராயம்.

தென்பெண்ணைக் கரையில் ஒரு கிராமம். அங்கே ஒரு விவசாயி; சொந்த நிலம் 4 ஏக்கர். மனைவியின் நகையை அடகு வைத்தும், கூட்டுறவுக் கடன் பெற்றும், பழைய டிராக்டர் ஒன்றை டிரெய்லரோடு வாங்கினார். 40 எச்.பி. வண்டி. தன் நிலத்துக்கு அது அதிகம்தான். ஆனால் உழவுக்கும், கரும்பு வெட்டுக் காலத்தில் ஆலைக்குப் பாரம் ஏற்றவும் வாடகைக்கு விட்டால் கடன் அடைந்துவிடும் என்பது அவர் கணக்கு. தப்பான கணக்கு என்று சொல்ல மாட்டேன். முதல் பருவம் அப்படியே நடந்தது.

இரண்டாம் பருவத்தில், அடுத்த தெரு வண்டி மேட்டில் வேகமாக ஏறுவதைப் பார்த்து இவரும் பம்பை ஏற்றினார். டிரெய்லரில் பாரமும் கூடியது. சக்கரம் வழுக்காமல் இருக்கப் பின் டயர்களில் தண்ணீரும் நிரப்பினார். அந்தப் பருவத்தில் இரண்டு தடவை கிளட்ச் பிளேட் மாற்றினார். "பிளேட் டூப்ளிகேட்" என்று கடைக்காரரைத் திட்டினார். மூன்றாம் பருவம், அரவை மும்முரமாக நடக்கும் மாசி மாதம். ஆற்றங்கரை மேட்டில் பாரத்தோடு நின்றுவிட்ட வண்டியை, ஆக்சிலேட்டரை முழுக்க வைத்து, கிளட்சைப் பட்டென்று விட்டுக் கிளப்பியிருக்கிறார் டிரைவர். உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம். பினியனில் மூன்று பற்கள் போயின. உதிரிபாகம் வந்து வண்டி கிளம்ப 19 நாள் ஆயிற்று. வெட்டிப்போட்ட கரும்பு வெயிலில் காய்ந்து எடை குறைந்தது. வாடகைக்குச் சொல்லி வைத்தவர்கள் வேறு வண்டி பிடித்துப் போய்விட்டார்கள்.

நான் போனபோது உடைந்த பல்லைக் காகிதத்தில் மடித்து வைத்திருந்தார். அவர் கேட்ட கேள்வி இதுதான்: "கம்பெனிக்காரன் சக்தியை ஒளிச்சு வச்சிருக்கான், நான் எடுத்துக் குடுக்கறேன்னு மெக்கானிக் சொன்னாரு. அது பொய்யாங்க, ஐயா?"

பொய் அல்ல. அதனால்தான் இவ்வளவு விளக்கமாக எழுத வேண்டியிருக்கிறது. பெரும்பாலான டீசல் எஞ்சின்கள், சீல் வைத்த அளவைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இழுக்கக் கூடியவை. கம்பெனி உண்மையிலேயே அதை அடக்கித்தான் வைத்திருக்கிறது. ஆனால் யாருக்காக அடக்கி வைத்தது என்பதை மெக்கானிக் சொல்லவில்லை.

செக்கும் கியர் பெட்டியும்

செக்கு சுற்றுவதைப் பார்த்தவர்களுக்கு இது சுலபமாக விளங்கும். மாட்டை உரலுக்கு அருகில் பூட்டினால் திணறும். நீளமான சட்டத்தின் கடைசியில் பூட்டினால் அதே மாடு சிரமமில்லாமல் சுற்றும். மாட்டின் பலம் கூடவில்லை. சுழற்றும் பலம் கூடியது. இந்தச் சுழற்றும் பலத்தைத்தான் புத்தகத்தில் முறுக்கு விசை என்கிறோம். மெக்கானிக் 'டார்க்' என்பார். விவசாயி 'இழுவை' என்பார். மூன்றும் ஏறத்தாழ ஒன்றையே குறிக்கின்றன.

ஒரு மீட்டர் நீளமுள்ள கம்பியின் நுனியில் 10 கிலோ எடையைத் தொங்கவிட்டால், மறு நுனியில் உண்டாகும் முறுக்கு விசை சுமார் 100 நியூட்டன் மீட்டர். 40 எச்.பி. எஞ்சின் நிமிடத்துக்கு 2000 சுற்றில் முழுப் பாரத்தோடு ஓடும்போது தருவது சுமார் 140. அதாவது, கம்பி நுனியில் 14 கிலோ. இவ்வளவுதானா என்று ஆச்சரியப்படுவீர்கள். ஒரு பள்ளிக்கூடப் பையன் அந்தக் கம்பியில் தொங்கினால் அதைவிட அதிகம்.

மீதி வேலையைச் செய்வது கியர் பெட்டியும் பின் ஆக்ஸிலும்தான். மிகத் தாழ்ந்த முதல் கியரில் எஞ்சின் 2000 தடவை சுற்றும்போது பின் சக்கரம் 9 அல்லது 10 தடவைதான் சுற்றுகிறது. வேகம் 200 பங்கு குறைகிறது. முறுக்கு விசை 200 மடங்கு பெருகுகிறது. உராய்வு இழப்பைத் தள்ளிவிட்டுக் கணக்குப் போட்டால் 14 கிலோ 2800 கிலோவாகிறது. சுண்டு விரல் அகலமே உள்ள கியர் பற்கள்தான் இதைத் தாங்கி ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கொடுக்கின்றன. எஞ்சினில் ஒரு கிலோ கூட்டினால் கடைசிப் பல்லில் 200 கிலோ கூடுகிறது என்று அர்த்தம். அரைச் சுற்று திருகுக்கு இவ்வளவு வீரியம்!

நல்லவேளையாக அந்த 2800 கிலோ முழுவதும் பற்களுக்கு வருவதில்லை. அதற்கு முன்பே சக்கரம் வழுக்கிவிடுகிறது. சக்கரம் வழுக்குவதை நாம் குறையாக நினைக்கிறோம். உண்மையில் அது வீட்டு மின்சாரத்தில் பியூஸ் கம்பி போன்றது. டிராக்டரின் இழுவையைச் சோதனைக்கூடத்தில் அளக்கும்போதுகூட 15 சதவீத வழுக்கலைத்தான் எல்லையாக வைக்கிறார்கள். டயரில் தண்ணீர் நிரப்புவதும், சக்கரத்தில் இரும்பு எடை மாட்டுவதும், உழவுக்குத் தேவையானபோது நல்லதே. ஆனால் தண்ணீரை நிரப்பி, டிரெய்லர் கொக்கியில் பாரத்தைத் தூக்கி வைத்து, பம்பையும் ஏற்றினால், பியூஸ் கம்பிக்குப் பதில் ஆணியை வைத்த கதைதான். தென்பெண்ணைக் கரையில் நடந்தது அதுவே.

அமெரிக்க வண்டிகளில் நடந்தது

திருகைத் திருப்புவது நம் ஊர்க் கண்டுபிடிப்பு என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் விவசாயிகள் மாட்டு டிரெய்லரும் வைக்கோல் கட்டும் இழுப்பதற்குப் பெரிய டீசல் பிக்கப் வண்டிகளைப் பயன்படுத்துகிறார்கள். அங்கேயும் இதே ஆசை, இதே திருகு, இதே முடிவு. ஒரு வித்தியாசம்: அங்குள்ள வண்டிகள் பலவற்றில் கிளட்ச் மிதி கிடையாது, கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் 'ஆட்டோமேடிக்' பெட்டி.

1996, 1997ஆம் ஆண்டு டாட்ஜ் ராம் பிக்கப்பைப் பாருங்கள். அதில் கம்மின்ஸ் கம்பெனியின் 5.9 லிட்டர், ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின். கையால் கியர் போடும் வண்டியில் அந்த எஞ்சினுக்கு 215 எச்.பி.; ஆட்டோமேடிக் வண்டியில் அதே எஞ்சினுக்கு 180 எச்.பி.தான். 35 எச்.பி.யைக் கம்பெனியே வேண்டுமென்று குறைத்து விற்றது. முறுக்கு விசையையும் கொஞ்சம் குறைத்தது: அங்குள்ள அளவில் 440 பவுண்டு அடிக்குப் பதில் 420. அந்த ஆட்டோமேடிக் பெட்டி அதற்கு மேல் தாங்காது என்பது அவர்களுக்குத் தெரியும். ஆனால் வாங்கியவர்களோ, பாஷ் பம்புக்குள் இருந்த ஒரு சிறு தகட்டை நகர்த்தியும், தேய்த்தும் டீசலைக் கூட்டிக்கொண்டார்கள். எஞ்சின் அசையவில்லை. ஆட்டோமேடிக் பெட்டிதான் கருகியது.

(அந்த பாஷ் கம்பெனியின் இந்தியக் கிளைதான் 1951இல் பெங்களூரில் தொடங்கிய மைக்கோ. 2008இல் பெயரை மாற்றிக்கொண்டார்கள். நம் ஊரில் இன்றும் அது மைக்கோ பம்புதான். அதை மாற்ற யாராலும் முடியாது.)

ஏன் கருகுகிறது? ஆட்டோமேடிக் பெட்டிக்குள் எண்ணெயில் நனைந்த மெல்லிய கிளட்ச் தகடுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. கியர் மாறும்போது ஓர் அடுக்கு விடுகிறது, இன்னோர் அடுக்கு பிடிக்கிறது. கைமாறும் அந்த ஒரு கணத்தில் தகடுகள் ஒன்றோடொன்று உரசி வழுக்கியே தீரும். அப்போது எஞ்சின் முழுப் பலத்தோடு முறுக்கினால், வழுக்கல் நீளும், சூடேறும், தகட்டின் மேல்பூச்சு எரிந்து எண்ணெயில் கலக்கும். பிறகு அந்த எண்ணெயே மற்ற பாகங்களைக் கெடுக்கும்.

2001இல் ஜெனரல் மோட்டார்ஸ் பிக்கப்களில் 6.6 லிட்டர் டூராமாக்ஸ் டீசல் எஞ்சினும், அல்லிசன் கம்பெனியின் ஐந்து கியர் ஆட்டோமேடிக் பெட்டியும் வந்தன. 300 எச்.பி.; முறுக்கு விசை சுமார் 705 நியூட்டன் மீட்டர். நம் 40 எச்.பி. டிராக்டரைப் போல் ஐந்து பங்கு. இவ்வளவையும் அந்தத் தகடுகள் எப்படித் தாங்கின? எஞ்சினுக்கு ஒரு கணினி, கியர் பெட்டிக்கு ஒரு கணினி, இரண்டும் பேசிக்கொள்கின்றன. கியர் மாறப்போகும் கணத்தில், பெட்டி "கொஞ்சம் பொறு" என்கிறது. எஞ்சின் டீசலைக் குறைத்துக்கொள்கிறது. தகடுகள் பிடித்ததும் மறுபடி முழு டீசல். இதற்குத்தான் முறுக்கு விசை நிர்வாகம் என்று பெயர் கொடுத்தார்கள்.

ஓட்டுகிறவருக்கு இது ஒரு சிறு மந்தமாகத் தெரிகிறது. அந்த மந்தத்தைப் போக்குகிறோம் என்று சொல்லிச் சின்னச் சின்னக் கணினிப் பெட்டிகளை விற்க அங்கே ஒரு வியாபாரமே கிளம்பியது. அவற்றை மாட்டிக்கொண்டு பாரம் இழுத்தவர்களின் அல்லிசன் பெட்டி, தகடு வழுக்குவதை உணர்ந்ததும் கியர் மாற்ற மறுத்து, நொண்டிக்கொண்டே வீடு போய்ச் சேர் என்று சொல்லிவிட்டது. பெட்டி கெட்டுவிட்டது என்று பலர் புகார் சொன்னார்கள். பெட்டி தன்னைக் காப்பாற்றிக்கொண்டது என்பதே சரி.

நம் டிராக்டர்களில் பெரும்பாலானவற்றில் அந்தக் கணினி கிடையாது. ஆனால் வேலை ஒன்றுதான். நல்ல டிரைவர் கிளட்சை மிதிக்கும்போதே ஆக்சிலேட்டரைத் தளர்த்துகிறார். பாரத்தோடு கிளம்பும்போது எஞ்சினைக் குறைந்த சுற்றில் வைத்துக் கிளட்சை மெதுவாக விட்டு, முழுக்கப் பிடித்த பிறகே டீசல் கொடுக்கிறார். அமெரிக்க வண்டியில் கணினி செய்வதை இங்கே ஒரு மனிதனின் கால் செய்கிறது. அப்படிப்பட்ட டிரைவர் ஒருவர் உங்களிடம் இருந்தால், நாள் கூலியில் 50 ரூபாய் குறைக்கப் பார்த்து அவரை இழந்துவிடாதீர்கள். கிளட்ச் மிதியின் மேலேயே பாதம் வைத்து ஓட்டுகிறவருக்கு அந்த 50 ரூபாயைச் சேர்த்துக் கொடுத்தாலும் வேண்டாம்.

கிடைப்பது 12 விநாடி

பம்பை ஏற்றுவதால் என்னதான் கிடைக்கிறது? இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் குறைவு.

தாழ்ந்த இரண்டு மூன்று கியர்களில் டிராக்டர் எதையாவது இழுக்க முடியாமல் நின்றால், பெரும்பாலும் எஞ்சின் அணைவதற்கு முன்பே சக்கரம் வழுக்குகிறது. அங்கே டீசலைக் கூட்டி ஒரு பயனும் இல்லை. இன்னும் வேகமாக வழுக்கும், அவ்வளவுதான். ஆகவே, பம்பை ஏற்றுவது இழுவையைக் கூட்டுவதில்லை. அதே பாரத்தை ஒரு கியர் மேலே போட்டு, சற்று வேகமாக இழுக்க உதவுகிறது. வாங்குவது வேகம் ஒன்றைத்தான்.

டிராக்டர், டிரெய்லர், கரும்பு எல்லாம் சேர்த்து 10 டன் என்று வைத்துக்கொள்வோம். சமதளமான தார் ரோட்டில் இதை உருட்டிக்கொண்டு போக 200 கிலோ இழுவை போதும். 20 அடிக்கு ஓர் அடி ஏறும் மேடு வந்தால் அதோடு இன்னும் 500 கிலோ சேர்கிறது. ஆக 700 கிலோ. சீல் அறுக்காத 40 எச்.பி. வண்டி இந்த மேட்டை மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் ஏறிவிடும். 15 கிலோமீட்டர் வேகத்தில் ஏற வேண்டுமானால்தான் 50 எச்.பி.க்கு நெருங்கி வேண்டியிருக்கிறது. மேட்டின் நீளம் 200 மீட்டர் என்றால், 12இல் ஏற ஒரு நிமிடம். 15இல் ஏற 48 விநாடி.

மேட்டுக்கு 12 விநாடி மிச்சம். வழியில் இப்படி ஐந்து மேடு இருந்தால் ஒரு நிமிடம். பிறகு ஆலை வாசலில் வரிசையில் நின்று, டீ குடித்து, பேப்பர் படித்து, டிரெய்லருக்கு அடியில் துண்டை விரித்து ஒரு தூக்கமும் போட்டுத்தானே எடை மேடைக்குப் போகிறோம்?

கொடுப்பது என்ன என்று இனிப் பாருங்கள். பேரிங் செய்கிறவர்கள் பின்பற்றும் ஒரு கணக்கு உண்டு: பால் பேரிங்கின் மேல் சுமை இரண்டு மடங்கானால், ஆயுள் பாதியாவதில்லை, எட்டில் ஒரு பங்காகிறது. சுமை கால் பங்கு மட்டும் கூடினால் ஆயுள் ஏறத்தாழ பாதியாகிறது. 8 ஆண்டு உழைக்க வேண்டிய பேரிங் 4 ஆண்டில் இரையத் தொடங்கும். கியர் பற்களின் கதை இதைவிட மோசமே தவிர நல்லதல்ல. தவிர, 20 சதவீதம் டீசலைக் கூட்டினால் 20 சதவீதம் பலம் கிடைக்கும் என்பதும் இல்லை. எஞ்சின் உறிஞ்சும் காற்று கூடவில்லையே! எரியாத பகுதி கரும்புகையாகப் போகிறது. கொஞ்சம் சிலிண்டர் சுவரின் எண்ணெயைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி எஞ்சின் ஆயிலை நீர்க்கச் செய்கிறது. ஆயில் அளவுக் குச்சியில் ஆயில் குறையாமல் கூடிக்கொண்டே வந்தால் யாரும் மகிழ வேண்டாம், அது டீசல்.

இந்தச் சேதம் உடனே தெரிவதில்லை என்பதில்தான் ஆபத்து. திருகைத் திருப்பிய அன்று வண்டி நன்றாக ஓடுகிறது. பல் உடைவது இரண்டு பருவம் கழித்து. அதற்குள் திருகு மறந்துவிடும். பழி டிரைவர் மேலோ, கியர் ஆயில் மேலோ, ஜாதகத்தின் மேலோ விழும். அந்த விவசாயி காகிதத்தில் மடித்து வைத்திருந்த பல்லை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். முறிந்த முகத்தில் பாதி மழமழவென்று, அலை அலையாகக் கோடு விழுந்து, கறுத்திருந்தது; மறு பாதி சொரசொரப்பாக, உப்புக்கல்லை உடைத்தது போலப் பளிச்சென்றிருந்தது. சொரசொரப்பான பாதிதான் ஆற்றங்கரையில் அன்று உடைந்தது. மழமழப்பான பாதி எப்போதோ விரிசல் விட்டு, தினம் கொஞ்சமாக வளர்ந்துகொண்டே வந்தது. டிரைவர் கிளட்சைப் பட்டென்று விட்டது குற்றம்தான். ஆனால் கரையான் அரித்த தூணின் மேல் கடைசியாகச் சாய்ந்தவர் அவர். உங்கள் வண்டியில் பல் உடைந்தால், தூக்கி எறிவதற்கு முன் அந்த முகத்தைப் பாருங்கள்.

ரோட்டவேட்டர் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு சொல். கல்லிலோ வேரிலோ சிக்கினால் கியரைக் காப்பாற்றத் தானே அறுந்துகொள்ளும் 'ஷியர் போல்ட்' பல கருவிகளில் உண்டு. அடிக்கடி அறுகிறது என்று அந்த இடத்தில் கெட்டியான இரும்பு போல்ட்டைப் போடுவதையும், சிலர் வெல்டிங்கே வைத்துவிடுவதையும் பார்த்திருக்கிறேன். போல்ட் அடிக்கடி அறுந்தால் நிலத்தில் கல் இருக்கிறது, அல்லது உங்கள் டிராக்டருக்கு ரோட்டவேட்டர் பெரிது. முன்னேறும் கியரை ஒன்று குறையுங்கள். ஆழத்தைக் குறைத்து இரண்டு சால் ஓட்டுங்கள். 35 எச்.பி.யை 540 சுற்றில் கடத்தும் பி.டி.ஓ. தண்டில் 460 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை இருக்கிறது. சிக்கியதும் அது எங்காவது போயாக வேண்டும். சில ரூபாய் போல்ட்டுக்குப் போகட்டும்.

யார் மேல் குற்றம்?

விவசாயியை மட்டும் குறை சொல்லி எழுதுவது எங்களைப் போன்றவர்களுக்குச் சுலபம். நான் அதைச் செய்ய விரும்பவில்லை.

டிராக்டரை எச்.பி. என்ற ஓர் எண்ணைக் காட்டி விற்றுப் பழக்கியது யார்? விளம்பரச் சுவரில் அந்த எண் ஆள் உயரத்துக்கு இருக்கிறது. கிளட்ச் எத்தனை அங்குலம், பின் ஆக்ஸில் எவ்வளவு தாங்கும் என்பது எங்கும் இல்லை. ஒரே எஞ்சினைப் பம்பு அளவை மாற்றி இரண்டு எச்.பி.யில் விற்கும் பழக்கமும் தொழிலில் உண்டு. அதைப் பார்த்த மெக்கானிக், சின்ன வண்டியைப் பெரிய வண்டி ஆக்குகிறேன் என்று கிளம்புவதில் ஆச்சரியம் என்ன? பெரிய வண்டியில் கிளட்சும் ஆக்ஸிலும் வேறாக இருக்கக்கூடும் என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. விற்பனையாளர்கள் வண்டியைக் கொடுக்கும் அன்று பூமாலை போட்டுப் படம் எடுப்பதோடு, சீல் ஏன் வைத்திருக்கிறது என்று ஐந்து நிமிடம் சொன்னால் என்ன?

எங்கள் பங்கும் உண்டு. விதை, உரம், பூச்சிமருந்து பற்றி நாங்கள் நடத்திய கூட்டங்களுக்குக் கணக்கில்லை. கிராமத்துப் பட்டறை மெக்கானிக்கை அழைத்து உட்கார வைத்து, பம்பு பற்றியும் கியர் பற்றியும் பேசிய கூட்டங்கள் என் முப்பது ஆண்டு உத்தியோகத்தில் விரல் விட்டு எண்ணக்கூடியவை. விவசாயி யந்திரத்தைப் பற்றி யோசனை கேட்பது எங்களிடம் அல்ல, அவரிடம்தான். அவருக்குச் சொல்லாமல் விவசாயிக்குச் சொல்லி என்ன பயன்?

புது வண்டி வாங்கப் போகிறவர்கள் ஒன்று செய்யலாம். மத்தியப் பிரதேசத்தில் புத்னியில் உள்ள மத்திய அரசின் பண்ணை யந்திரப் பயிற்சி, சோதனை நிலையம் டிராக்டர்களைச் சோதித்து அறிக்கை தருகிறது. விற்பனையாளரிடம் அந்த அறிக்கையைக் கேளுங்கள். அதில் எச்.பி.யைப் பார்த்த பிறகு, 'பேக்அப் டார்க்' எத்தனை சதவீதம் என்று பாருங்கள். பாரம் கூடி எஞ்சின் சுற்றுக் குறையும்போது, தானே தம் பிடித்து முறுக்கு விசையைக் கூட்டிக்கொள்ளும் குணம் அது. இது அதிகமாக உள்ள எஞ்சின், முனகினாலும் சட்டென்று அணையாது. கியரை அடிக்கடி மாற்ற வேண்டாம். இரண்டு எச்.பி. அதிகம் என்பதைவிட இது நம் உழவுக்கு உபயோகம்.

சீல் ஏற்கனவே அறுந்திருந்தால், திருகைக் காதால் கேட்டுத் திருப்பி வைக்கச் சொல்லாதீர்கள். பம்பைக் கழற்றி, சோதனை மேடை உள்ள பம்புக் கடையில் கொடுத்து, அந்த மாடலுக்கு உரிய அளவில் வைத்துச் சீல் போட்டு வாங்க வேண்டும். அதற்கு முன் ஏர் கிளீனரைத் திறந்து பாருங்கள். இழுவை பத்தவில்லை என்று என்னிடம் காட்டிய வண்டிகள் பலவற்றில் குறை பம்பில் இல்லை. ஏர் கிளீனர் கிண்ணத்தில் ஆயில் சேறாகியிருந்தது; அல்லது டீசல் பில்டர் அடைத்திருந்தது; அல்லது கிளட்ச் மிதியின் தளர்வு இல்லாமல் பிளேட் வழுக்கிக்கொண்டிருந்தது. மூக்கை அடைத்துவிட்டு ஓடச் சொன்னால் எந்த மாடும் ஓடாது.

தென்பெண்ணைக் கரை விவசாயி பம்பைப் பழைய அளவுக்கு மாற்றிவிட்டார். டிரெய்லரில் பாரத்தையும் குறைத்து ஏற்றுகிறார். வண்டி மந்தமாகப் போகிறது என்று இன்றும் என்னிடம் குறைப்படுவார். ஆனால் கிளட்ச் பிளேட் மாற்றி இரண்டு பருவம் ஆகிவிட்டது. அதைப் பற்றி அவரே பேசுவதில்லை.

போன மாதம் மறுபடி வந்தார். மருமகன் பண்ருட்டியிலிருந்து பலாப்பழம் ஏற்றிக் கோயம்பேட்டுக்கு ஓட்டப் புது டீசல் பிக்கப் வாங்கியிருக்கிறாராம். 2020க்குப் பின் வந்த விதிப்படி செய்த வண்டி. பம்பில் திருகு கிடையாது, எல்லாம் கணினி. யாரோ ஒரு சின்னப் பெட்டியைக் காட்டி, எஞ்சின் ஒயரில் சொருகினால் இழுவை கூடும் என்று மருமகனிடம் சொல்லியிருக்கிறார். "இதுல திருகறதுக்கே ஒண்ணும் இல்லீங்களே, ஐயா. சொருகறதுதானே?" என்றார்.

மருமகனை ஞாயிற்றுக்கிழமை கூட்டி வரச் சொல்லியிருக்கிறேன். வரும்போது அந்தக் காகிதத்தில் மடித்த பல்லையும் எடுத்து வரச் சொன்னேன்.